மணல்மானும் கம்பிவேலியும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் விலங்கியல் பிரிவின் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



இந்த மேடையில் நான் ஏறுவது இது இரண்டாவது தடவை. முதல் தடவை 1983-ல், கல்லூரி நாள் நாடகத்தில் வாயில்காப்போன் வேஷம். எனக்கு ஒரே ஒரு வசனம். அதையும் மறந்துவிட்டேன். அதனால்தான் இன்றைக்குப் பேச வேண்டியதை எல்லாம் தாளில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

நம்ம செகரட்டரி போன மாதம் போன் பண்ணினார். "நீ பதினைஞ்சு வருஷம் சவூதியில இருந்தவன். பசங்களுக்கு ஏதாவது பிரயோஜனமாப் பேசுடா. ஒட்டகம் மட்டும் வேண்டாம். போன வருஷம் ஒருத்தர் ஒரு மணி நேரம் ஒட்டகம் பேசிட்டார்" என்றார். சரி, ஒட்டகம் வேண்டாம். நான் மான் பேசுகிறேன்.

முதலில் ஒரு பழைய பாக்கியைத் தீர்த்துவிடுகிறேன். இரண்டாம் ஆண்டு பிராக்டிகல் தேர்வு. மேஜை மேல் ஒரு ஜோடி கொம்பு வைத்திருந்தார்கள். என்னவென்று அடையாளம் எழுத வேண்டும். நான் 'மான் கொம்பு' என்று எழுதினேன். தாள் திரும்பி வந்தபோது எங்கள் புரொபசர் சிவப்பு மையில் இரண்டே வார்த்தை எழுதியிருந்தார்: 'எந்த மான்?' மார்க் பூஜ்யம். அன்றைக்கு எனக்கு அவர்மேல் ரொம்பக் கோபம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

தமிழில் நாம் எல்லாவற்றையும் மான் என்றே சொல்லிவிடுகிறோம். கிண்டியில் போய்ப் பார்த்தால் புள்ளிமானும் இருக்கும், வெளிமானும் இருக்கும். இரண்டும் ஒரே இடத்தில் மேய்கின்றன, ஆனால் ஒரே குடும்பம் இல்லை. புள்ளிமானின் கொம்பு கிளைவிட்ட எலும்பு. கிடாய்க்கு மட்டும்தான் வரும். விழுந்துவிடும், மறுபடி முளைக்கும். வெளிமானின் கொம்பில் கிளை கிடையாது. உள்ளே எலும்பு, வெளியே நம் நகம் மாதிரி ஒரு உறை. ஒரு தடவை வளர்ந்தால் ஆயுசு முழுக்க அதுதான். இந்த இரண்டாவது வகை ஆடு மாடுகளுக்குச் சொந்தக்காரர்கள். கெஸல் என்று சொல்கிறோமே, அதுவும் இந்த வகைதான். 'கஸால்' என்ற அரபிச் சொல்லிலிருந்துதான் ஆங்கிலத்துக்கு அந்தப் பெயர் போனது. நம் நாட்டில் ராஜஸ்தான் பக்கம் உள்ள சிங்காராவும் ஒரு கெஸல்தான்.

நான் சொல்லப்போவது அரேபியப் பாலைவனத்து கெஸல். அரபியில் அதற்கு 'ரீம்' என்று பெயர். நாம் மணல்மான் என்று வைத்துக்கொள்ளலாம். நல்ல கிடாயே 20 கிலோ சுற்றித்தான் இருக்கும். நம் ஊர் வெள்ளாட்டைவிடப் பெரிதல்ல. உடம்பு வெளிறிய மணல் நிறம், முகமும் வயிறும் வெள்ளை. பெட்டைக்கும் கொம்பு உண்டு, கிடாயினுடையதைவிட மெலிந்தது. இணை சேரும் காலத்தில் கிடாயின் தொண்டை வீங்கிப் புடைத்து நிற்கும். நம் புலவர்கள் பெண்ணை மான்விழியாள் என்று பாடினார்கள். அரபிகள் ஒரு படி மேலே போய் பெண் குழந்தைக்கே ரீம் என்று பெயர் வைக்கிறார்கள். இன்றைக்கும் அங்கே வகுப்புக்கு ஒரு ரீம் இருப்பாள்.

1897-ல் ஓல்ட்ஃபீல்ட் தாமஸ் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் இதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார். பிறகு வெகுகாலம், மத்திய ஆசியாவரை பரவியிருக்கும் ஒரு பெரிய கெஸல் இனத்தின் கிளை என்றுதான் இதை வைத்திருந்தார்கள். 2011-ல் வெளியான மரபணு ஆய்வுதான் இது தனி இனம் என்று பிரித்துக் காட்டியது. இப்போது சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில், அழியும் ஆபத்தில் உள்ள இனங்களுக்குள் இதுவும் ஒன்று. எங்கள் புரொபசர் கேட்ட 'எந்த மான்?' என்ற கேள்வியை உலகமே நூறு வருஷத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு மட்டும் பூஜ்யம் போட்டது நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள்!

இனி நான் அங்கே போன கதை. 1988-ல் பி.எஸ்ஸி. சர்டிபிகேட்டையும் ஒரு சூட்கேஸையும் எடுத்துக்கொண்டு சவூதிக்குப் போனேன். தாயிஃப் நகரத்தில் வண்டி உதிரி பாகங்கள் விற்கும் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை. விலங்கியல் படித்தவன் ஃபேன் பெல்ட்டும் பிரேக் ஷூவும் எண்ணிக்கொண்டிருந்தேன். தாயிஃபில் 1986-ல் ஒரு தேசிய வனவிலங்கு ஆராய்ச்சி மையம் தொடங்கியிருந்தார்கள். அவர்களுடைய ஜீப்புகளுக்கு எங்கள் கடையில்தான் சாமான் வாங்குவார்கள். அங்கே வேலை பார்த்த ஒரு முதிய பெதுயின் ரேஞ்சர், நான் மிருகங்களைப் பற்றிப் படித்தவன் என்று தெரிந்ததும் என்னை விடவே இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை டயர் டெலிவரியோடு என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். அது 1992.

நாங்கள் போன இடம் தாயிஃபுக்கு வடகிழக்கே உள்ள மஹாசத் அஸ்-ஸைத் என்ற சரணாலயம். 2,200 சதுர கிலோமீட்டருக்கு மேல். இன்றைய சென்னை மாவட்டத்தைப் போல் ஐந்து மடங்கு. அத்தனையையும் சுற்றி 1989-ல் கம்பிவேலி போட்டுவிட்டார்கள். உள்ளே சரளைக் கல் பரந்த சமவெளி, அங்கங்கே கருவேல இனத்து மரங்கள், கொஞ்சம் புல். அவ்வளவுதான். ஜீப்பை நிறுத்தி ரேஞ்சர் கையைக் காட்டினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுபடி காட்டினார். கானல் அசைவது மாதிரி ஏதோ அசைந்தது. உற்றுப் பார்த்தால், மரத்து நிழலில் ஏழு எட்டு மான்கள். நாங்கள் பார்ப்பதற்கு முன்பே அவை எங்களைப் பார்த்துவிட்டிருந்தன.

"சார், அந்த வெயிலில் அது எப்படி உயிரோடு இருக்கிறது?" என்று மாணவர்கள் கேட்க வேண்டும். நானும் அதைத்தான் கேட்டேன். ஜூன் ஜூலையில் அங்கே 45 டிகிரி சாதாரணம். தண்ணீர் தேங்கும் குட்டை மாதக்கணக்கில் இருக்காது. நமக்குச் சூடு ஏறினால் வியர்க்கிறது. வியர்வை காய்ந்தால் உடம்பு குளிர்கிறது. ஆனால் அதற்குத் தண்ணீர் செலவாகிறது. மணல்மானிடம் செலவழிக்கத் தண்ணீர் இல்லை. அதனால் அது வேறு வழி வைத்திருக்கிறது. பகலில் உடம்புச் சூட்டைக் கொஞ்சம் ஏற விட்டுவிடும். கோடையில் ஒரே நாளுக்குள் அதன் உடல் வெப்பம் இரண்டரை டிகிரி அளவுக்கு ஏறி இறங்குகிறது. நமக்கு அப்படி ஏறினால் டாக்டர் ஊசியோடு வந்துவிடுவார். அது பேசாமல் படுத்திருக்கும். ராத்திரி காற்று குளிர்ந்த பிறகு, சேர்த்துவைத்த சூட்டை ஒரு சொட்டுத் தண்ணீர் செலவில்லாமல் வெளியே விட்டுவிடும்.

சூடேறிய ரத்தம் மூளைக்குப் போனால் ஆபத்து இல்லையா? அதற்கும் ஏற்பாடு இருக்கிறது. மூக்கு வழியாகக் காற்று போய் வரும்போது அங்கே உள்ள ரத்தம் குளிர்கிறது. அந்தக் குளிர்ந்த ரத்தம் மூளைக்குக் கீழே ஓரிடத்தில் வந்து சேரும். மூளைக்கு ஏறும் சூடான ரத்தம் அந்த இடத்தில் மெல்லிய குழாய்களின் வலையாகப் பிரிந்து, குளிர்ந்த ரத்தத்தின் நடுவே புகுந்துதான் மேலே போக வேண்டும். போகிற வழியில் சூட்டை இறக்கி வைத்துவிட்டுப் போகிறது. ஆட்டுக்கும் இந்த வலை உண்டு, முதலாண்டு பாடத்திலேயே படித்தோம். எனக்குத்தான் மறந்துவிட்டது.

மீதி எல்லாம் சிக்கனம். சிறுநீர் கெட்டியாகப் போகும், புழுக்கை உலர்ந்து விழும். தேவையான ஈரத்தில் பெரும்பகுதியைத் தின்னும் இலை தழையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். வெயில் ஏறினால் நிழல். மேய்ச்சல் விடியற்காலையிலும் அந்தியிலும் ராத்திரியிலும்.

நான் ஊருக்குத் திரும்பியது 2003-ல். அதற்கு மூன்று வருஷம் கழித்து, அதே தாயிஃப் மையத்தில் நடந்த ஓர் ஆய்வு வெளியானது. படித்தபோது, நான் ஸ்டோரில் பெல்ட் எண்ணிக்கொண்டிருந்த ஊரில் இப்படி ஒரு காரியம் நடந்திருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டேன். ஸ்டெஃபான் ஓஸ்ட்ரோவ்ஸ்கியும் அவருடைய சகாக்களும் செய்தது. 18 மணல்மான்கள், ஆறு ஆறாக மூன்று கூட்டம். ஒரு கூட்டத்துக்கு நான்கு மாதமும் வேண்டிய அளவு தீனி, தண்ணீர். இன்னொரு கூட்டத்துக்கு, பாலைவனத்தில் வறட்சி வருவது போலவே, நான்கு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். மூன்றாவது கூட்டத்துக்குக் கடைசி நாலரை நாள் மட்டும் பட்டினி. பிறகு அளந்து பார்த்தார்கள்.

நன்றாகத் தின்ற மான் சும்மா இருக்கும்போதே நாளொன்றுக்கு சராசரியாக 2,524 கிலோஜூல் சக்தி செலவழித்தது. நான்கு மாதம் குறைத்துத் தின்ற மான் 1,365 தான். ஏறக்குறைய பாதி. உடம்பிலிருந்து ஆவியாகப் போன தண்ணீர் முதல் கூட்டத்தில் நாளைக்கு 151 கிராம், வறட்சி பார்த்த கூட்டத்தில் 98 கிராம். நாம் ஒரு டம்ளரில் குடிக்கும் தண்ணீர்கூட இல்லை!

இது எப்படி முடிந்தது? உறுப்புகளை எடுத்து நிறுத்துப் பார்த்தார்கள். ஈரல் சுருங்கியிருந்தது. இதயம் சுருங்கியிருந்தது. தசை குறைந்திருந்தது. உடம்பு இளைத்த கணக்கைக் கழித்துப் பார்த்தாலும் அந்தச் சுருக்கம் தெரிந்தது. ஈரல் அதிகம் செலவு வைக்கும் உறுப்பு. அது சின்னதானால் ஆக்ஸிஜன் குறைவாகப் போதும். ஆக்ஸிஜன் குறைவாகப் போதுமென்றால் மூச்சும் குறைவு. மூச்சு குறைந்தால் மூச்சோடு போகும் ஈரமும் மிச்சம். மாதக் கடைசியில் நம் ஹாஸ்டல் மெஸ்ஸில் சாம்பாரில் பருப்பைக் குறைப்பார்கள். இந்த மான் சமையற்கட்டையே சின்னதாக்கிவிடுகிறது.

இதுவரை சொன்னதைக் கேட்டால், இந்த மானை யாராலும் கொல்ல முடியாது என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அன்றைக்கு ஜீப்பில் திரும்பும்போது நான் இந்த மிருகத்தின் பொறுமையைப் பாராட்டிப் பேசிக்கொண்டு வந்தேன். ரேஞ்சர் சிரித்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை அரபியில் விளங்கிக்கொண்டது இதுதான்: "பொறுமையால் பிழைக்குதுன்னு நீ நினைக்கிறே. அது காலால் பிழைக்குது. மின்னல் எங்கே அடிக்குதோ அங்கே போய்டும். பொறுத்துக்கிட்டு இருக்கிறது எல்லாம் அங்கே போய்ச் சேர்ற வரைக்கும்தான்."

அந்த ஒரு வாக்கியத்துக்குள் எல்லாம் அடங்கியிருந்தது. பாலைவன மழை நம் ஊர் மழை மாதிரி ஊர் முழுக்கப் பெய்யாது. ஒரு பக்கம் கொட்டும், இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு சொட்டு விழாது. மழை விழுந்த இடத்தில் சில நாளில் புல் எழும். மணல்மான் அதைத் தேடி நடக்கும். முற்காலத்தில் கூட்டம் கூட்டமாக வெகுதூரம் போய் வந்துகொண்டிருந்த மிருகம் இது. புல் கண்ட வருஷம் வசந்தத்தில் குட்டி போடும். பல கெஸல்களுக்கு ஒன்று. இதற்கு இரட்டைக் குட்டி சர்வசாதாரணம். குட்டி பிறந்ததும் தரையோடு தரையாக அசையாமல் படுத்திருக்கும். தாய் தள்ளி நின்று மேய்ந்துவிட்டு வந்து பால் கொடுத்துப் போகும். நல்ல வருஷத்தில் மளமளவென்று பெருகும். கெட்ட வருஷத்தில் ஈரலைச் சுருக்கிக்கொண்டு நடக்கும். சுருக்குவதும் நடப்பதும் சேர்ந்ததுதான் அதன் பிழைப்பு. ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது போதாது.

இந்த நடக்கும் குணத்தை மனிதன் ரொம்பக் காலத்துக்கு முன்பே கவனித்துவிட்டான். 1920-களில் கெய்ரோவுக்கும் பாக்தாத்துக்கும் நடுவே பறந்த பிரிட்டிஷ் விமானிகள், ஜோர்டான் பாலைவனத்தில் விசித்திரமான கல் கோடுகளைப் பார்த்தார்கள். வானத்திலிருந்து பார்க்க வால் வைத்த பட்டம் மாதிரி இருந்ததால் பட்டம் என்றே பெயர் வைத்தார்கள். அவை கல்லை அடுக்கிக் கட்டிய தாழ்வான மதில்கள். இரண்டு மதில்கள் அகலமாகத் தொடங்கி, கிலோமீட்டர் கணக்கில் ஓடி, குறுகிக் குறுகி ஒரு பட்டியில் போய் முடியும். மான் கூட்டம் போகும் வழியில் கட்டி, அவற்றை உள்ளே ஓட்டிவிட்டுப் பட்டியில் வைத்துக் கொல்வார்கள். ஜோர்டானில் சிலவற்றின் வயது சுமார் 9,000 வருஷம். இப்படி ஆயிரக்கணக்கில் கண்டுபிடித்திருக்கிறார்கள். மதில் உயரமில்லை. ஆனால் ஓடுகிற மான் மதிலைத் தாண்டாமல் மதிலை ஒட்டியே ஓடும் என்பது கட்டினவனுக்குத் தெரிந்திருந்தது.

அத்தனை ஆயிரம் வருஷ மதில்களையும் தாண்டி ரீம் பிழைத்துக் கிடந்தது. 1938-ல் தஹ்ரானில் எண்ணெய் கிடைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வண்டிகள் வந்தன, தானியங்கித் துப்பாக்கிகள் வந்தன. திறந்த சமவெளியில் மானுக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு ஓட்டம். வண்டி களைப்பதில்லை. சில பத்து வருஷத்தில் அரேபியாவின் பெரும்பகுதியில் ரீம் காணாமல் போனது. அதன் பெரிய சகோதரன் மாதிரி உள்ள அரேபிய ஓரிக்ஸ் 1972-ல் காட்டில் அடியோடு அழிந்தது.

சவூதி அரசு விழித்துக்கொண்டு 1986-ல் வனவிலங்குக்கென்று ஒரு தேசிய ஆணையம் அமைத்தது. ரியாத் அருகே துமாமாவில் கெஸல்களை வளர்த்துப் பெருக்கினார்கள். மஹாசத்தில் வேலி போட்டு 1990-ல் ஓரிக்ஸையும், அடுத்த சில வருஷங்களில் மணல்மானையும் விட்டார்கள். வேலி வேலை செய்தது. ஆடும் ஒட்டகமும் உள்ளே வரவில்லை, துப்பாக்கி வரவில்லை, புல் திரும்பி வந்தது. மான் இரட்டை இரட்டையாகப் போட்டுப் பெருகியது. 1992-ல் நான் பார்த்தது அந்த வெற்றியைத்தான்.

அடுத்து நான் போனது 2000-ம் வருஷம், கோடையில். அதற்கு முந்திய வருஷத்திலிருந்தே மழை ஏமாற்றிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை ரேஞ்சர் என்னை மரத்து நிழலுக்குக் கூட்டிப் போகவில்லை. வேலியோரமாகவே ஜீப்பை ஓட்டினார். கம்பியை ஒட்டி மான்கள் காய்ந்து கிடந்தன. ஒன்று இங்கே, சற்றுத் தள்ளி ஒன்று, அப்புறம் இரண்டு. சில தோலும் எலும்புமாக, சில அன்றைக்குத்தான் செத்தது போல. கம்பியோரம் குளம்பால் தேய்ந்து ஒரு ஒற்றையடிப் பாதை போட்டது போல விழுந்திருந்தது. மழை வேறு எங்கோ பெய்திருக்கிறது. போய்ச் சேரலாம் என்று நடந்து நடந்து பார்த்திருக்கின்றன. ரேஞ்சர் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

1999-லிருந்து 2008 வரை அந்த வேலிக்குள் வறட்சியில் செத்துக் கிடந்த மணல்மான்கள் ஏறத்தாழ 2,800. ஓரிக்ஸ் 560. எண்ணி எழுதியவர்கள் அங்கே வேலை பார்த்த விஞ்ஞானிகளே. மறைக்கவில்லை, அதற்காக அவர்களை வணங்க வேண்டும். அந்தக் கட்டுரை 2010-ல் எங்கே வெளியானது தெரியுமா? நம் கோயம்புத்தூரிலிருந்து வெளிவரும், அழியும் உயிரினங்களுக்கான ஆய்விதழில். அரேபியாவில் செத்த மானுக்கு நம் கொங்கு நாட்டில்தான் மரணக் கணக்கு பதிவாகியிருக்கிறது.

சொந்த விஷயம் ஒன்று சொல்ல அனுமதி வேண்டும். என் அப்பா 1996-ல் தவறிவிட்டார். சாயங்காலமே போன் வந்துவிட்டது. என் பாஸ்போர்ட் நான் வேலை பார்த்த கம்பெனியின் அலமாரியில் இருந்தது. சாவி வைத்திருந்தவர் ஊரில் இல்லை. பேப்பர் எல்லாம் சரியாகி நான் வீடு வந்து சேர்ந்தது பதினோராம் நாள். கொள்ளி வைத்தவன் தம்பி. அந்தக் கம்பெனியில் எனக்குச் சம்பளம் நிற்கவில்லை, சாப்பாட்டுக்குக் குறைவில்லை, தங்கும் அறையில் ஏ.சி. இருந்தது. போக வேண்டிய நேரத்தில் போக முடியவில்லை, அவ்வளவுதான். அந்த வேலியோரம் நின்றபோது எனக்கு அந்தப் பதினோரு நாள்தான் ஞாபகம் வந்தது.

அப்படியானால் வேலியைப் பிடுங்கி எறிந்துவிடலாமா? மாணவர்கள் கை தட்டத் தயாராக இருப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். பக்கத்து ஓமானில் வேலி இல்லாமல் ஒரு பெரிய சரணாலயம் இருந்தது, உலகப் பாரம்பரியச் சின்னம் என்று யுனெஸ்கோ பட்டம் கொடுத்தது. திருட்டு வேட்டையில் அங்கே இருந்த 450 ஓரிக்ஸ் 65 ஆனது. சரணாலயத்தின் பரப்பையும் அரசு பத்தில் ஒன்றாகக் குறைத்தது. 2007-ல் யுனெஸ்கோ பட்டத்தையே திரும்ப வாங்கிக்கொண்டது. வேலி போட்டால் வறட்சி கொல்கிறது. எடுத்தால் துப்பாக்கி கொல்கிறது. இருதலைக்கொள்ளி எறும்பு என்பார்களே, அந்த நிலைமைதான்.

வேலிக்குள்ளே தண்ணீர்த் தொட்டி வைத்துத் தீவனம் போடலாமே என்று கேட்கலாம். போடலாம், அந்த வருஷம் பிழைக்கும். பிழைத்தது இரட்டைக் குட்டி போடும். அடுத்த வறட்சியில் அதே நிலத்தில் இன்னும் கூடுதல் வாய்கள். இப்படியே போனால் பத்து வருஷத்தில் அது காட்டு மான் இல்லை, பட்டி ஆடு. இன்றைக்கே நிலைமை அதுதான். வேலிகளுக்குள் வளர்க்கப்படும் மணல்மான்கள் ஏராளம். காட்டில் தன் இஷ்டத்துக்கு நடப்பவை அவற்றில் ஒரு சிறு பங்கு. எண்ணிக்கையைப் பார்த்தால் பிழைத்துவிட்டது என்று தோன்றும். மழையைத் தேடி நடக்கும் ரீம் இன்னும் ஆபத்தில்தான் இருக்கிறது.

நம்பிக்கை தரும் ஒரு முயற்சியும் உண்டு. ருப் அல்-காலி என்ற பெரும் மணல் பாலைவனத்தின் மேற்கு ஓரத்தில் உருக் பனீ மஆரித் என்ற இடம். 12,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். அங்கே 1995 முதல் ஓரிக்ஸையும் மணல்மானையும் வேலியில்லாமல் விட்டார்கள். வேலிக்குப் பதில் ரேஞ்சர்கள், அதுவும் அந்தப் பக்கத்து மண்ணைத் தெரிந்தவர்கள். அங்கேயும் திருட்டு வேட்டை நடந்தது, எண்ணிக்கை ஏறி இறங்கியது. ஆனாலும் மிருகங்கள் காலூன்றிவிட்டன. 2023-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. ஓமானில் எடுத்துக்கொண்ட பட்டம் இங்கே வந்திருக்கிறது. கம்பி போடுவது சுலபம், ஒரு தடவை காசு செலவழித்தால் முடிந்தது. ஆள் போட்டுக் காப்பது தினசரி வேலை. மான் கேட்பது அந்த இரண்டாவதைத்தான்.

இதெல்லாம் அரேபியாவில் நடக்கிற கதை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். நீலகிரி அடிவாரத்தில் சீகூர் யானை வழித்தடத்தைக் காப்பாற்ற 2020-ல் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. யானையைக் காட்டுக்குள் வைத்துக் காப்பாற்றினால் போதாதா என்று அப்போதும் பலர் கேட்டார்கள். போகும் வழியும் யானையின் உடம்பில் ஒரு பாகம்தான் என்று நான் பதில் சொல்வேன். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது புத்தகம் அல்ல, ஒரு பெதுயின் கிழவரும் ஒரு கம்பிவேலியும்.

மாணவ மாணவியரே, தகவமைப்பு என்று பத்து மதிப்பெண் கேள்வி வரும். மணல்மானின் சிறுநீரகம், மூக்கு, ஈரல் எல்லாம் எழுதுங்கள். படம் போட்டுப் பாகம் குறியுங்கள். கடைசியில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: இந்த மிருகத்துக்கு நிலம் வேண்டும், அந்த நிலத்தில் போக வர வழி வேண்டும், அது இல்லாவிட்டால் மேலே எழுதிய எதுவும் அதைக் காப்பாற்றாது. மார்க் போடுவார்களோ மாட்டார்களோ தெரியாது. உங்களில் யாராவது நாளைக்கு வனத்துறையிலோ ரோடு போடும் இலாகாவிலோ ஒரு வரைபடத்தின் முன்னால் உட்காரும்போது அந்த வரி ஞாபகம் வந்தால், எனக்கு அது போதும்.

எங்கள் புரொபசர் இன்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஐயா, உங்கள் கேள்விக்குப் பதில்: அது ரீம். நடந்து பிழைக்கிற மான். தாமதத்துக்கு மன்னிக்கவும். மார்க்கை இப்போது திருத்த முடியுமா என்று யோசித்துச் சொல்லுங்கள்.

 இலை போட்டாகிவிட்டது என்று செகரட்டரி கை காட்டுகிறார்.